முள் காட்டிய சூடு: பிக்கப் டிரக்கும் டிரான்ஸ்மிஷன் ஹீட் மீட்டரும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே, பிளாக் மவுண்டன்ஸ் என்று ஒரு வறண்ட மலைத்தொடர் இருக்கிறது. புகழ்பெற்ற 'ரூட் 66' நெடுஞ்சாலை 1926ல் அறிவிக்கப்பட்டபோது, அந்த மலையில் சிட்கிரீவ்ஸ் கணவாய் வழியாகத்தான் அது போனது. வளைவுக்கு மேல் வளைவு, மூச்சு வாங்கும் ஏற்றம், கோடையில் கொப்பளிக்கும் பாலைவனம். அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே வழிந்து எஞ்சினுக்கு வரவேண்டும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டால் பெட்ரோல் வராது. அதனால் சிலர் ரிவர்ஸ் கியர் போட்டு, பின்பக்கமாகவே மலை ஏறினார்கள்!

வண்டியின் முன்னால் கித்தான் துணிப் பை ஒன்றில் தண்ணீர் தொங்கும். ரேடியேட்டர் கொதித்து வெள்ளையாக ஆவி கிளம்பினால் ஓரங்கட்டி நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி கிளம்ப வேண்டியதுதான். தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லையில் ஒரு நேர்மை இருந்தது. வண்டிக்குச் சூடு ஏறிவிட்டது என்பது ஓட்டுகிறவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அதே மலைத்தொடரில், கொஞ்சம் வடக்கே தள்ளி, இன்னொரு சாலை ஏறுகிறது. அரிசோனா மாநிலச் சாலை 68. இன்று அதில் பெரிய பிக்கப் டிரக்குகள் நாலைந்து டன் எடையுள்ள டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு, ஏசி போட்டு, பாட்டுக் கேட்டபடி ஏறுகின்றன. இப்போது எஞ்சின் அவ்வளவு எளிதில் கொதிப்பதில்லை. ஓட்டுநரின் காலடியில், தகரத்துக்குக் கீழே, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிவப்பு ஆயில்தான் கொதிக்கிறது. அது கொதிப்பதற்கு ஆவி கிடையாது, சத்தம் கிடையாது. தெரியவரும்போது பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பிக்கப் சொந்தக்காரர்கள் கடையில் ஒரு சின்ன மீட்டர் வாங்கி, டேஷ்போர்டில் ஓட்டை போட்டு, தாங்களே மாட்டிக்கொண்டார்கள். வண்டியின் சூட்டைப் பற்றி ஓட்டுநருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று கம்பெனிகள் சுமார் நூறு வருஷமாக மாற்றி மாற்றி எடுத்த முடிவுகளின் கதை அந்த மீட்டருக்குள் இருக்கிறது.

மூடியின் மேல் ஒரு தெர்மாமீட்டர்

கதை எஞ்சினிலிருந்து தொடங்குகிறது. முதல் காலத்துக் கார்களில் எஞ்சின் சூட்டைக் காட்ட எதுவுமே கிடையாது. 1912 வாக்கில் நியூயார்க்கில் ஹாரிசன் பாய்ஸ் என்பவரின் மோட்டோமீட்டர் கம்பெனி ஒரு வேலை செய்தது. ரேடியேட்டர் மூடியில் ஒரு தெர்மாமீட்டரைச் செங்குத்தாக நட்டுவைத்தது. வட்டமான கண்ணாடி முகம், நடுவில் சிவப்புத் திரவம் ஏறி இறங்கும் குழாய். காருக்கு வெளியே, மூக்கு நுனியில் அது நிற்கும். ஓட்டுநர் முன்கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் முங்காது. தண்ணீருக்கு மேலே இருக்கும் ஆவியின் சூட்டைத்தான் அளக்கும்.

இரவில் படிப்பது கஷ்டம். தெருவில் போகிறவன் திருகிக்கொண்டு போய்விடவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் மோட்டோமீட்டர் சக்கைப்போடு போட்டது. கார் கம்பெனிகள் தங்கள் சின்னத்தை அதன் முகத்தில் பொறித்துக்கொண்டன. சூட்டைக் காட்டும் கருவி அந்தஸ்தைக் காட்டும் அணிகலனாகவும் ஆனது.

1920களின் கடைசியில் மீட்டர் காருக்கு உள்ளே குடியேறியது. இதற்குக் கைகொடுத்தது ஒரு பழைய பிரெஞ்சுக் கண்டுபிடிப்பு. யூஜின் பூர்டோன் என்பவர் 1849ல் காப்புரிமை பெற்ற வளைந்த உலோகக் குழாய் அது. உள்ளே அழுத்தம் கூடினால் அந்தக் குழாய் கொஞ்சம் நிமிரும். நிமிரும்போது முள்ளைத் தள்ளும். எஞ்சினில் ஒரு சின்னக் குமிழ், அதற்குள் ஈதர் போலச் சட்டென்று ஆவியாகும் திரவம், அங்கிருந்து டேஷ்போர்டு வரை முடி மாதிரி மெல்லிய செப்புக் குழாய். சூடு ஏறினால் ஆவி அழுத்தும், முள் நகரும். கரண்டே வேண்டாம். குழாய் ஒடிந்தால் மட்டும் மீட்டர் செத்தது. பின்னால் மின்சார மீட்டர்கள் வந்து, சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்ற சின்ன உறுப்பு அந்தக் குமிழின் வேலையை எடுத்துக்கொண்டது. இந்தக் குணத்தை 1833லேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கவனித்திருந்தார். அதற்கு வியாபார உருவம் கொடுக்கச் சாமுவேல் ரூபன் 1930ல் வரவேண்டியிருந்தது. ஒரு கவனிப்பு சந்தைக்கு வர சுமார் நூறு வருஷம்!

முள்ளுக்குப் பதில் விளக்கு

மீட்டர் உள்ளே வந்த கையோடு அதை எடுத்துவிடும் யோசனையும் வந்துவிட்டது. 1930களில் ஹட்சன் கார் கம்பெனி ஆயிலுக்கும் ஜெனரேட்டருக்கும் மீட்டர் வைக்காமல் சிவப்பு விளக்கு வைத்தது. பிரச்சினை என்றால் எரியும், இல்லையென்றால் எரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழிக்குப் போயின. அமெரிக்க ஓட்டுநர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'இடியட் லைட்'.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு பல்பும் ஒரு ஸ்விட்சும் ஒரு மீட்டரைவிட மலிவு. ஒரு வண்டிக்கு மிச்சமாகும் காசு சில்லறைதான். வருஷத்துக்குப் பல லட்சம் வண்டி விற்கிற கம்பெனிக்கு அந்தச் சில்லறையைப் பெருக்கிப் பாருங்கள். இந்த லாபம் கம்பெனியின் கணக்கில் வரவாகிறது. விளக்கு எரிந்தபோது ஏற்கனவே நடந்து முடிந்துவிட்ட சேதம் வாங்கியவரின் கணக்கில் செலவாகிறது. இரண்டும் ஒரே பேரேட்டில் வருவதில்லை என்பதுதான் விஷயம்.

நியாயமாகச் சொன்னால் விளக்குக்கும் ஒரு வாதம் உண்டு. முள்ளைப் பலர் பார்ப்பதே இல்லை; சிவப்பு விளக்கு எரிந்தால் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் விளக்குக்கு 'ஏறிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லத் தெரியாது. 'ஏறிவிட்டது' என்று மட்டும்தான் சொல்லும். மலை ஏறுகிறவருக்கு வேண்டியது முதல் தகவல்.

கியர் தானாக மாறியது

இப்போது கியர்பாக்ஸுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1939 அக்டோபரில், 1940ஆம் மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில், ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடுதல் விலை 57 டாலர். கிளட்ச் பெடல் காணாமல் போனது. எஞ்சினையும் சக்கரத்தையும் நடுவில் இணைத்தது ஆயில். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் ஆயில் என்றால் அதுதான் இது. இந்தத் தத்துவத்தைக் கப்பல்களுக்காக 1905ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை செய்திருந்தார்.

போர் வந்தது. இரண்டு காடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ராமேட்டிக்குகளும் வைத்த எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகள் போர்க்களம் போயின. போர் முடிந்ததும் 'யுத்தத்தில் சோதிக்கப்பட்டது' என்ற பெருமையோடு இந்தக் கியர்பாக்ஸ் வீதிக்கு வந்தது. 1948ல் பியூக் 'டைனாஃப்ளோ'வைக் கொண்டுவந்தது. இதில் இருந்தது டார்க் கன்வெர்ட்டர். அது ஆயிலின் ஓட்டத்தைத் திருப்பிவிட்டு, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையையே கூட்டித் தரும். மெத்தென்று போகும் வண்டி. அதற்கான கூலி சூடு.

ஏன் சூடு? ஆயிலால் இணைத்திருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. எப்போதும் கொஞ்சம் வழுக்கும். வழுக்கலில் தொலையும் சக்தி அத்தனையும் ஆயிலில் சூடாகிறது. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது இப்படி 20 குதிரைசக்தி வீணானால் அது சுமார் 15 கிலோவாட். ஒரு கிலோவாட் ஹீட்டர் பதினைந்தைப் பத்துப் பதினைந்து லிட்டர் ஆயிலுக்குள் போட்டு ஸ்விட்சைத் தட்டியது போல. அதனால்தான் ஆயிலை ஒரு குழாய் வழியாக ரேடியேட்டரின் தொட்டிக்குள் அனுப்பி ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு வந்தது. பாரம் இழுக்கிறவர்கள் முன்பக்கம் தனியாக இன்னொரு கூலரும் மாட்டிக்கொண்டார்கள்.

ஆட்டோமேட்டிக் பிக்கப்புக்கும் வந்தது. 1953ல் ஃபோர்டு எஃப்-100, 1954ல் ஷெவர்லே பிக்கப். அதுவரை பிக்கப் என்பது விவசாயியின் வண்டி, தச்சரின் வண்டி. 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்க அகலச் சாலைகள் விரிய, அதே வண்டியின் முதுகில் ஒரு குட்டி வீட்டை ஏற்றிக்கொண்டு, அல்லது பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, குடும்பமாக ஊர் சுற்றும் பழக்கம் வளர்ந்தது. 1960களில் கம்பெனிகளே 'கேம்பர் ஸ்பெஷல்' என்று தனியாக பிக்கப் விற்றன. பெரிய ரேடியேட்டர், கெட்டியான ஸ்பிரிங், கூடுதல் பேட்டரி எல்லாம் கொடுத்தார்கள். கியர்பாக்ஸ் சூட்டுக்கு ஒரு முள் மட்டும் சாதாரணமாகக் கிடைக்கவில்லை.

திமிங்கலம் போன பிறகு

அந்தச் சிவப்பு ஆயிலுக்குள் ஒரு விசித்திரமான சரக்கு இருந்தது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய்! கடும் சூட்டிலும் கெட்டுப்போகாமல், உலோகத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டு, கிளட்ச் தகடுகள் உதறாமல் பிடிப்பதற்கு அது உதவியது. விண்வெளிக்கு ராக்கெட் விட்ட தேசத்தின் கார்கள், கடலில் வேட்டையாடிய பிராணியின் கொழுப்பை நம்பி கியர் மாற்றிக்கொண்டிருந்தன.

1970ல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. திமிங்கல எண்ணெய் இறக்குமதி நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'டெக்ஸ்ரான்' ஆயிலை மாற்றி 'டெக்ஸ்ரான் 2' கொண்டுவந்தது. புது ஆயிலின் முதல் வடிவம் கூலரின் இணைப்புகளை அரிக்க ஆரம்பித்தது. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. திமிங்கலத்தைக் காப்பாற்றியது சரியான காரியம்தான், அதில் சந்தேகமில்லை. மாற்று முழுதாகத் தயாராகும் முன் மாறியதால் வந்த தொல்லையை மட்டும் மெக்கானிக் ஷாப்பில் காத்திருந்த வண்டிக்காரர்கள் அனுபவித்தார்கள்.

ஆயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? மெக்கானிக்குகள் மத்தியில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 80 செல்சியஸ்) ஆயில் ஒரு லட்சம் மைல் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 195ல் ஐம்பதாயிரம், 215ல் இருபத்தைந்தாயிரம், 235ல் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. தேய்மானம் கணக்குப் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்: குறைந்து செல் மதிப்பு முறை, விகிதம் ஐம்பது சதவீதம். 240ஐத் தாண்டினால் ஆயில் பிசினாகப் படியத் தொடங்கும், அதற்கு மேல் ரப்பர் சீல்கள் விறைக்கும், 300ஐ நெருங்கினால் கிளட்ச் தகடுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, சூட்டால் இன்னும் வழுக்கல். அந்த வட்டத்துக்குள் போன கியர்பாக்ஸ் திரும்பி வருவதில்லை.

இது பழைய மினரல் ஆயிலுக்கான கணக்கு. இப்போதைய சிந்தெடிக் ஆயில்கள் இதைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் இந்த வாய்ப்பாடுதான் ஒரு தலைமுறைப் பிக்கப்காரர்களைப் பயமுறுத்தியது. மீட்டர் இல்லாதவருக்கு இருந்த ஒரே வழி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. சிவப்பு நிறம் பழுப்பாகியிருந்தால், கருகிய வாடை அடித்தால், சூடு ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது, எந்த மலையில் ஏறியது என்று வாடை சொல்லாது.

கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஓட்டுநருக்குத் தெரியாது

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கம்பெனிகள் ஆட்டோமேட்டிக்கில் நாலாவதாக ஓவர்டிரைவ் கியர் சேர்த்தன. ஃபோர்டின் ஏஓடி 1980ல், ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 1982ல். காலியாகப் போகும்போது பெட்ரோல் மிச்சம். டிரெய்லர் கட்டிக்கொண்டு மலை ஏறும்போது கியர்பாக்ஸ் மூன்றா நாலா என்று முடிவெடுக்க முடியாமல் மேலும் கீழும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் கிளட்ச் தகடுகள் தேய்ந்து சூடு ஏறும். பாரம் இழுக்கும்போது ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கையேட்டைப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

அதோடு டீசல் பிக்கப்களின் பந்தயமும் தொடங்கியது. 1989ல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் 400 பவுண்டு-அடி முறுக்குவிசை தந்தது. 2019ல் அதே வரிசையின் ரேம் பிக்கப் 1000 பவுண்டு-அடியைத் தொட்டது. இழுக்கும் எடையும் விளம்பரமும் சேர்ந்தே ஏறின.

இந்தக் கதையிலேயே மிக எரிச்சலூட்டும் இடமும் அதே 1989தான். ஃபோர்டு தன் பெரிய பிக்கப்களில் ஈ4ஓடி என்ற மின்னணுக் கட்டுப்பாட்டு கியர்பாக்ஸை வைத்தது. 1991ல் ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்80-ஈ வந்தது. இவற்றுக்குள்ளேயே ஆயிலின் சூட்டை அளக்கும் சென்சார் இருந்தது! கம்ப்யூட்டர் அதைப் படித்து, எப்போது கியர் மாற்றலாம், எப்போது கன்வெர்ட்டரைப் பூட்டலாம் என்று தீர்மானித்தது. ஆயில் இப்போது எத்தனை டிகிரி என்பது வண்டிக்குத் தெரியும். வண்டிக்குப் பணம் கொடுத்தவருக்கு மட்டும் தெரியாது. சென்சார் செலவு ஏற்கனவே ஆகிவிட்டது; ஒரு முள்தான் பாக்கி. மலிவு என்ற பழைய சாக்கு இங்கே பாதிதான் எடுபடும்.

இன்னொரு பாதிக் காரணத்தை ஃபோர்டின் ஆயில் பிரஷர் மீட்டர் காட்டிக்கொடுக்கிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பல ஃபோர்டு வண்டிகளில் அந்த மீட்டர் பெயருக்குத்தான் மீட்டர். எஞ்சினில் இருந்தது சாதாரண ஸ்விட்ச். அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் முள் நடுவில் போய் நிற்கும், குறைந்தால் விழும். பத்து என்றாலும் நடுவில், அறுபது என்றாலும் நடுவில். முள் வேஷம் போட்ட இடியட் லைட்! பரவலாகச் சொல்லப்படும் காரணம் இது: உண்மையான முள் ஆடும், ஆடினால் வாடிக்கையாளர் பயந்து வாரண்டியில் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவார், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்ப டீலருக்கு நேரமும் காசும் விரயம். எஞ்சின் ஹீட் மீட்டர்களையும் அப்படியே பழக்கினார்கள். கணிசமான சூட்டு வித்தியாசத்துக்கும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும். தகவல் கொடுத்தால் கேள்வி வரும் என்பதால் தகவலைக் குறைத்துவிட்டார்கள்.

ஓட்டை போட்டு மாட்டியவர்கள்

கம்பெனி கொடுக்காததைக் கடையில் வாங்கினார்கள். 1957ல் தொடங்கிய ஆட்டோ மீட்டர், இஸ்ப்ரோ போன்ற கம்பெனிகள் பந்தயக் கார்களுக்கும் லாரிகளுக்கும் ஏற்கனவே மீட்டர் செய்துகொண்டிருந்தன. 1990களிலும் 2000களிலும் டீசல் பிக்கப்காரர்கள் அவர்களுடைய முக்கியமான வாடிக்கையாளர்கள் ஆனார்கள். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில் இரண்டு மூன்று மீட்டர்களை அடுக்கிவைக்கப் பிளாஸ்டிக் கூடுகள் வந்தன. ஒன்று டர்போ அழுத்தத்துக்கு, ஒன்று புகைபோக்கிச் சூட்டுக்கு, மூன்றாவது டிரான்ஸ்மிஷனுக்கு. ராத்திரியில் விமானி அறை மாதிரி இருக்கும் என்று அதற்காகவே மாட்டியவர்களும் உண்டு.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சென்சாரை எங்கே வைப்பது? இதில் பெரிய சண்டையே நடந்தது. ஆயில் சம்பில் வைத்தால், கிளட்சுகளுக்குப் போகப்போகும் ஆயிலின் சராசரிச் சூடு தெரியும். ஆனால் முள் நிதானமாகத்தான் நகரும். கியர்பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால், கன்வெர்ட்டரிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆயிலின் சூடு தெரியும். ஏற்றத்தில் காலை அழுத்திய சில நொடிகளில் முள் துள்ளி எழும். சம்பைவிடப் பல பத்து டிகிரி கூட. கூலரிலிருந்து திரும்பும் குழாயில் வைப்பவருக்கு எப்போதும் நல்ல செய்திதான். அதனால் அது உதவாது. மூன்றாவதாக, கியர்பாக்ஸின் பக்கத்தில் அழுத்தம் பார்ப்பதற்கென்று திருகாணி போட்டு மூடிய துளை இருக்கும். அதில் சென்சாரைத் திருகிவிடலாம். சம்பைக் கழற்ற வேண்டாம், துளை போட வேண்டாம்.

ஒரே வண்டி, ஒரே நிமிஷம், மூன்று இடத்தில் மூன்று எண். ஒருவர் 180 என்று நிம்மதியாக இருப்பார். இன்னொருவர் 240 என்று வேர்த்துப்போவார். இரண்டு பேருடைய கியர்பாக்ஸும் ஒரே நிலையில் இருக்கக்கூடும்.

சம்பில் வைப்பவர் ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, துளை போட்டு, திருகுமரை உள்ள ஒரு வளையத்தை வெல்டு செய்து, பிறகு புது கேஸ்கெட் போட்டு மூட வேண்டும். வெல்டிங் பயம் உள்ளவர்களுக்காகத் துளையோடு வார்த்த பெரிய அலுமினிய சம்ப்கள் கடையில் வந்தன. ஆயிலும் கூடுதலாகப் பிடிக்கும். ஒயரைச் சூடான சைலென்சர் குழாயிலிருந்து விலக்கி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவரின் ரப்பர் வழியாக உள்ளே இழுத்து, சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் ஃபியூஸில் இணைக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். ஒழுகாமல் இருக்கட்டும் என்று டெஃப்லான் டேப்பைச் சுற்று மேல் சுற்றாகச் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காது. வண்டி எவ்வளவு கொதித்தாலும் முள் குளிர்ச்சி என்றே சொல்லும். நம்பி மலை ஏறினால் மீட்டர் இல்லாததைவிட மோசம்.

அந்த வருஷங்களில் மீட்டருக்கு ஆகும் செலவு டாலரில் சில பத்துகள், அல்லது நூறு சொச்சம். பெரிய பிக்கப்பின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டினால் ஆயிரங்கள். கம்பெனியின் கணக்கில் எடுபடாத முள், சொந்தக்காரரின் கணக்கில் உடனே எடுபட்டது. முள் 220ஐ நெருங்குகிறதா, ஓவர்டிரைவை அணை, கியரைக் குறை, வேகத்தைக் குறை, முடியாவிட்டால் ஓரங்கட்டி நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு ஆயிலைக் கூலர் வழியாகச் சுற்றவிடு. கித்தான் பையோடு ஓரங்கட்டி நின்ற அந்தக் காலத்து ஆள் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

கம்பெனிகள் இறங்கி வந்தன

1999 மாடல் ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் டிரான்ஸ்மிஷனுக்கென்று ஒரு முள் வந்தது. எண் கிடையாது, நிறப் பட்டைகள் மட்டும். 2001ல் அலிசன் கியர்பாக்ஸோடு வந்த ஷெவர்லே சில்வராடோ ஹெச்டியிலும் மீட்டர் வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 பிளக்கில் செருகி, கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததைத் தாங்களும் படிக்கும் சின்னக் கருவிகள் 2000களில் பரவின. பிறகு ஓட்டை போட வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போயிற்று.

இழுக்கும் எடையைக் கம்பெனிகள் அவரவர் இஷ்டத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்ததற்கும் ஒரு பொது விதி வந்தது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் 2008ல் வெளியிட்ட ஜே2807. டொயோட்டா தன் டண்ட்ரா பிக்கப்புக்கு 2011 மாடலில் முதலில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் 2014-15 வரை தாமதித்தன. அந்த விதியின் ஏற்றச் சோதனைக்கு அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்ட இடம், கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அதே பிளாக் மவுண்டன்ஸ். டேவிஸ் அணையிலிருந்து சாலை 68ல் 11.4 மைல். வெளியே குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில், பின்னால் முழு எடை. சாதாரண பிக்கப் 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. எதுவும் பழுதாகக் கூடாது. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது.

2010களில் பெரும்பாலான பெரிய பிக்கப்களின் திரையில் கியர்பாக்ஸ் சூடு எண்ணாகவே வர ஆரம்பித்தது. சண்டை முடிந்துவிடும் என்று நினைத்தால் அது வேறு உருவம் எடுத்தது. ஆயில் ஆறிக் கெட்டியாக இருந்தால் உராய்வு கூடும், எரிபொருள் செலவாகும் என்பதால், புதிய கியர்பாக்ஸ்களில் கம்பெனிகள் தெர்மோஸ்டாட் வைத்துவிட்டன. ஆயில் நன்றாகச் சூடாகும் வரை அதைக் கூலருக்கே அனுப்பாது. 2013 மாடல் ரேம் 1500ல் எஞ்சின் தண்ணீரைக் கொண்டு கியர்பாக்ஸ் ஆயிலைச் சூடாக்கும் ஏற்பாடே இருந்தது. விளைவு, பாரமே இல்லாமல் சமவெளியில் போகும்போதும் திரை 200 காட்டுகிறது. புது ஆயிலுக்கு இது சாதாரணம் என்கிறது கம்பெனி. 175 வாய்ப்பாட்டைக் கேட்டு வளர்ந்த சொந்தக்காரர்கள், அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஆயில் எப்போதும் கூலருக்குப் போகும்படி செய்யும் சின்ன வால்வைக் கடையில் வாங்கி, சனிக்கிழமை மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.